டெஸ்ட் பட்டன் சொல்லாத விஷயம்

வேப்பம்பட்டுல இருந்து பேசுறேன். நடுவுல ரயில் சத்தம் கேட்டா அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.

போன டிசம்பர்ல ஒருநாள் அம்மா குளிச்சிட்டு வந்து, சுவரைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்துட்டாங்க. தலைவலி, கிறுகிறுப்பு. பிரஷர்னு நினைச்சோம். மறுநாளும் அதேதான். மூணாவது நாள்தான் எனக்கு உறைச்சது: குளிச்சா மட்டும் வருது. பாத்ரூமுக்குள்ள கேஸ் கீசர். குளிருதுன்னு ஜன்னலை அட்டை வெச்சு அடைச்சது நான்தான்.

காத்து போதாம எரியுற அடுப்பு, கீசர், ஜெனரேட்டர் எல்லாமே கார்பன் மோனாக்சைடைக் கக்கும். நிறமும் இல்ல, வாசனையும் இல்ல. ரத்தத்துல ஆக்சிஜனோட சீட்டை இது பிடிச்சுக்கும். 2024 ஆகஸ்ட்ல திருச்சியில இருந்து கொடைக்கானல் போன நண்பர்கள்ல ரெண்டு பேர், பார்பிக்யூ அடுப்பு இருந்த அறையில தூங்கினாங்க. எழுந்திருக்கவே இல்ல.

எங்க கிச்சன்ல கேஸ் அலாரம் இருந்தது. ஆனா அது எல்பிஜி லீக்குக்கு மட்டும்தான். ஹால்ல ஸ்மோக் அலாரமும் இருந்தது. டெஸ்ட் பட்டனை அமுக்கினா நல்லாவே கத்தும். கழட்டிப் பின்பக்கம் பார்த்தேன்: தயாரிப்பு 2011! ஸ்மோக் அலாரத்தை 10 வருஷத்துல மாத்தணும். மோனாக்சைடு அலாரத்துக்கு மாடலைப் பொறுத்து 5 முதல் 10 வருஷம். சென்சாருக்கு வயசாயிடுச்சுன்னு பட்டன் சொல்லாது. நம்ம பாஷையில சொன்னா, சர்வர் பிங்குக்குப் பதில் தருது, ஆப் செத்துக் கிடக்குது.

வாங்கும்போது ஒரு பொறி இருக்கு. ஆன்லைன்ல மலிவா வர்ற பல டிடெக்டர்கள் ஆபீஸ் கன்ட்ரோல் பேனலோட சேர்க்கிறது, தனியா கத்தாது. பேட்டரியும் பஸ்ஸரும் உள்ளேயே இருக்கிற 'ஸ்டாண்ட்அலோன்' மாடல் வாங்குங்க. மோனாக்சைடுக்கு இஎன் 50291 இல்லன்னா யுஎல் 2034 முத்திரை இருக்கான்னு பாருங்க.

எங்கே மாட்டுறது? புகை மேலே போகும், அதனால ஸ்மோக் அலாரம் சீலிங்ல. கிச்சனுக்குள்ள வேண்டாம், மிளகாய் தாளிச்சாலே ஊரைக் கூட்டும். எல்பிஜி காத்தைவிடக் கனம், அதனால கேஸ் அலாரம் தரைக்குப் பக்கத்துல. மோனாக்சைடு காத்தோட கலந்து நிக்கும். அந்த அலாரம் படுக்கை அறைக்குப் பக்கத்துல, தூக்கத்துல காதுல விழுற இடத்துல. அது கத்தினா பேட்டரியைக் கழட்டாதீங்க. எல்லாரும் வெளியே வந்துட்டு 112 கூப்பிடுங்க.

ஆனா அலாரம் கடைசிக் காவல்தான். எங்க வீட்ல முதல்ல கீசர் பாத்ரூமை விட்டு வெளியே போச்சு, அட்டையும் போச்சு. அம்மாவுக்கு அப்புறம் தலைசுத்தலே வரல.

இன்னைக்கு ராத்திரி ஒரு ஸ்டூல் போட்டு ஏறி, உங்க வீட்டு அலாரத்தோட பின்பக்கத் தேதியைப் பார்த்துடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.