திறந்த ஏடும் மூடிய ஏடும்



செஞ்சி என்றவுடன் தேசிங்கு ராசனும் அவன் குதிரையும் நினைவில் வந்து நிற்பது வழக்கம். இன்றைய பொருளுக்கு அவ்விருவரையும் அழைக்க வேண்டியதில்லை. சார்பதிவாளர் அலுவலகத்து ஏடுகள் போதும். இலக்கிய மன்றத்தில் பத்திரப் பதிவுக்கு என்ன இடம் என்று வினவுவோர் ஆனந்தரங்கப் பிள்ளையை எண்ணிப் பார்க்கலாம். 1736 முதல் 1761 வரை அவர் தம் வீட்டு ஏடுகளில் எழுதி வைத்த நாட்குறிப்பு, 1846-இல் வெளிப்பட்டு, எல்லோரும் படிக்கும் நூலாகிவிட்டது. ஒருவர் தம் பொருட்டு எழுதி வைத்தது எப்போது, எவருக்குத் திறக்கப்படலாம் என்பதே இவ்வுரையின் கேள்வி.

1750 செப்டம்பரில் புஸ்ஸியின் படை செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றியது. 1761-இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. பிரெஞ்சு ஆட்சி தொடர்ந்திருந்தால் செஞ்சி மக்களின் பத்திரங்கள் வேறொரு மரபின்வழிச் சென்றிருக்கும். அம்மரபின் நடுநாயகம் நோத்தேர் எனப்படும் ஆவண அலுவலர். உடன்படிக்கையை எழுதுபவரும் அவரே. மூலத்தைத் தம் அலுவலகத்தில் காப்பவரும் அவரே. கட்சிக்காரர்களும் அவர்தம் வாரிசுகளும் உரிமை பெற்றோரும் தவிர, வேறெவருக்கும் நீதிமன்றத் தலைவரின் ஆணையின்றி அம்மூலத்தைக் காட்டலாகாது என்று பிரெஞ்சு நாட்டின் 1803-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. வாய் திறவாமை அவருடைய கடமையாயிற்று.

செஞ்சிக்கு வாய்த்ததோ ஆங்கிலேயர் முறை. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. அதன் 57-ஆம் பிரிவு ஊன்றிப் படிக்கத்தக்கது. நில விற்பனை, அடைமானம் முதலியவை ஏறும் 1-ஆம் புத்தகத்தைக் கட்டணம் செலுத்தும் எவரும் பார்வையிடலாம். நிலம் வாங்குவோர் ஏமாறாதிருக்க அது திறந்திருந்தே ஆகவேண்டும். இக்காலத்தில் வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். ஆனால் உயில்கள் ஏறும் 3-ஆம் புத்தகம் அத்தகையதன்று. உயில் எழுதியவர் உயிருடன் இருக்கும்வரை அவருக்கும் அவருடைய முகவருக்கும் மட்டுமே நகல் கிடைக்கும். அவர் இறந்த பின்னரே பிறர் கேட்கலாம். தேடுதலையும் பதிவு அலுவலரே செய்ய வேண்டும். மற்றவர் ஏட்டைப் புரட்ட இயலாது. பதிவு செய்யவும் விரும்பாதவர், முத்திரையிட்ட உறையில் உயிலை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். அவ்வுறையைத் தீப்பிடிக்காத பெட்டியில் வைத்துக் காக்க வேண்டும் என்றுகூட அச்சட்டம் சொல்கிறது. தந்தை தம் சொத்தை எந்தப் பிள்ளைக்கு எழுதினார் என்பது அவர் கண் மூடுமுன் ஊருக்குத் தெரிந்தால் என்ன நேரும் என்பதைச் சட்டம் செய்தவர்கள் அறிந்திருந்தனர். அந்நிய அரசு செய்த சட்டந்தான். எனினும் குடும்பத்தின் இயல்பு அதில் நன்கு உணரப்பட்டிருக்கிறது.

நம் நாட்டு நோட்டரி, பெயரளவில்தான் பிரெஞ்சு நோத்தேருக்கு உறவினர். 1952-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் கையொப்பத்துக்குச் சான்றளிப்பவர். பத்திரத்தின் காவலர் அல்லர். அவர் பேணும் பதிவேட்டை மாவட்ட நீதிபதி பார்வையிடலாம். வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னது வெளியே செல்லாதவாறு 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு காத்தது. 2024 ஜூலை முதல் புதிய சாட்சியச் சட்டத்தின் 132-ஆம் பிரிவு அப்பணியைச் செய்கிறது. நோட்டரியாக இருப்பவர் பெரும்பாலும் வழக்கறிஞரே. எனினும் அவர் முத்திரை குத்தும்போது அறிந்துகொண்டதற்கு அக்காவல் அப்படியே பொருந்தும் என்று கொள்வதற்கில்லை. ஒரே மேசை, ஒரே மனிதர், இரண்டு கடமைகள்.

இந்நிலையில்தான் ஒரு நபர் நிறுமம் வந்து சேர்ந்தது. 1896-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த சாலமன் வழக்கு சட்ட மாணவர் அனைவரும் அறிந்தது. காலணி வணிகரான அவருடைய நிறுமத்தில் 20,007 பங்குகள். அவற்றுள் 20,001 அவருடையவை. மனைவிக்கும் ஐந்து மக்களுக்கும் தலைக்கொன்று. ஏழு பேர் வேண்டும் என்ற விதிக்காகச் சேர்த்த ஆறு பெயர்கள்! நிறுமம் வேறு, அதன் உரிமையாளர் வேறு என்று சபை ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் 2013-ஆம் ஆண்டு நிறுமச் சட்டம் அத்தகைய பொம்மைப் பெயர்கள் இல்லாமலேயே ஒருவர் நிறுமம் தொடங்க வழிவகுத்தது. அந்த ஒருவர் இறந்தால் நிறுமம் என்னாவது? அதற்காக, அவருக்குப் பின் உறுப்பினராகும் மற்றொருவரின் பெயரை, அவருடைய எழுத்துமூல இசைவுடன், அமைப்பு முறையேட்டிலேயே குறிப்பிட வேண்டும்.

செஞ்சியில் நெல்லும் மணிலாவும் வாங்கி விற்கும் ஒரு வணிகரைக் கற்பனை செய்துகொள்ளலாம். இரு மகன்கள், ஒரு மகள். தம் வணிகத்தை ஒரு நபர் நிறுமமாக மாற்றுகிறார். ஒருவர் பெயரைத்தான் எழுதலாம். மகள் பெயரை எழுதுகிறார். அமைப்பு முறையேடு நிறுமப் பதிவாளரிடம் சென்றடைகிறது. 399-ஆம் பிரிவின்படி அங்குள்ள ஆவணங்களைக் கட்டணம் செலுத்தி எவரும் மின்வழிப் பார்வையிடலாம். மூத்த மகனும் பார்வையிடலாம். அதே தந்தை, அதே மகள் பெயரை உயிலில் எழுதியிருந்தால் 3-ஆம் புத்தகம் அவர் ஆயுள்வரை மூடியே இருந்திருக்கும். மனம் மாறி வேறொருவரை நியமித்தால் அறிவிப்புக் கொடுத்தாற் போதும். அம்மாற்றம் முறையேட்டின் திருத்தமாகக் கருதப்படாது என்கிறது சட்டம். ஆதலின் முதலில் எழுதிய பெயர் அம்முறையேட்டில் அப்படியே நிற்கும். விலக்கப்பட்டவர் தாம் விலக்கப்பட்டதையும் அறியலாம்.

தனிமறைவு அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் வழியில் 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, முதன்மைக் கடமைகள் படிப்படியாகவே நடப்புக்கு வருமாறு அமைக்கப்பட்டுள்ளன. செஞ்சி வணிகருக்கு இதனால் பயன் உண்டா? சட்டக் கடமையின் காரணமாகப் பொதுவில் வைக்கப்பட்ட விவரங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று அதன் 3-ஆம் பிரிவே கூறுகிறது. அவர் கேட்ட வினாவுக்கு வாயிலிலேயே விடை கிடைத்துவிடுகிறது.

எதிர்த்தரப்பையும் எளிதில் ஒதுக்க இயலாது. அந்நிறுமத்துக்குக் கடனாக மூட்டைகளை ஏற்றி அனுப்பும் உழவர், கடனுக்குப் பின்னால் நிற்பவர் யார் என்று அறியும் உரிமை உடையவர். இருட்டில் வைத்தால் நிறுமம் மோசடியின் முகமூடியாகிவிடும். ஐரோப்பாவிலும் இதே இழுபறி. நிறுமங்களின் உண்மை உரிமையாளர் பதிவேடு பொதுமக்கள் எல்லோருக்கும் திறந்திருப்பது தனிவாழ்வில் மிகையான தலையீடு என்று 2022 நவம்பர் 22-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் லக்சம்பர்க் வழக்கில் கூறிற்று.

ஆனால் உழவருக்கு வேண்டியது இன்றைய உரிமையாளரின் பெயர். நாளைய வாரிசின் பெயர் அன்று. நியமனம் செய்யப்பட்டவர் ஒருவர் உண்டு என்பதை மட்டும் திறந்து வைத்து, அவர் யார் என்பதை 3-ஆம் புத்தகம்போல் மூடி வைத்திருக்கலாம். 1908-இல் அறிந்திருந்த நுட்பத்தை 2013-இல் மறந்தது வியப்பே.

அதுவரை அவ்வணிகருக்கு இரு வழிகள் உள்ளன. நிறுமம் தொடங்கினால், தனிப்பட்ட பிணையம் கொடுக்காதவரை, வணிகக் கடன் அவருடைய வீட்டைத் தொடாது. மகளின் பெயர் மட்டும் வெளியாகும். தனி வணிகராகவே இருந்து, உயிலை உறையிலிட்டுப் பதிவாளரின் தீப்பிடிக்காத பெட்டியில் சேர்த்தால் பெயர் காக்கப்படும். வணிகம் நொடித்தால் வீடு ஏலத்துக்கு வரும்.