பரத்பூர்ப் பறவைக் காடு
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற மார்கழித் திங்களில் நமது சங்கத்தின் சார்பில் நாற்பது பேர் ஒரு பேருந்தில் ஏறி, பரத்பூருக்கும் சம்பல் ஆற்றுக்கும் சென்று வந்தோம். அதைப் பற்றிச் சிறிது பேசுமாறு செயலாளர் பணித்தார். நாங்கள் பறவை நூல் கற்றவர்களல்லர். கண்டதையும், கேட்டறிந்ததையும், திரும்பும் வழியில் எண்ணியதையும் மட்டுமே கூற இயலும்.

விடியற்காலை நான்கு மணிக்குத் தில்லியிலிருந்து புறப்பட்டோம். புளியோதரை மூட்டைகள் ஒரு பக்கம், கம்பளிப் போர்வைகள் மறுபக்கம். மதுராவரை பனிமூட்டத்தில் சாலையே புலப்படவில்லை. பரத்பூரை அடைந்தபோது கதிரவன் சற்றே முகம் காட்டினான். பேருந்தை வாயிலிலேயே நிறுத்திவிட்டு, முதியோர் ரிக்ஷாவிலும் ஏனையோர் கால்நடையாகவும் உள்ளே சென்றோம்.

கேவலாதேவ் என்பது அக்காட்டின் நடுவே உள்ள சிவபெருமான் கோயிலின் பெயர். பூங்காவுக்கும் அதுவே பெயராயிற்று. பரப்பு ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர்தான். ஆயினும் 350க்கும் மேற்பட்ட பறவை வகைகள் அங்கே காணப்பட்டுள்ளன. இது இயற்கை தானே அமைத்த ஏரி என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அஃது அவ்வாறன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் சூரஜ்மல் மன்னர் அஜான் அணைக்கரையைக் கட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரத்பூர் அரசர்கள் இந்தத் தாழ்நிலத்தில் கரைகளும் மதகுகளும் அமைத்து, நீரைப் பாய்ச்சி நிறுத்தினார்கள். ஏரியும் மதகும் கண்டு வளர்ந்த நமக்கு அவ்வேலையின் நயம் உடனே விளங்குகிறது. ஆனால் அவர்கள் நீரைத் தேக்கியது பயிருக்காக அன்று, வாத்து வேட்டைக்காக!

கரைமீது நடக்கும்போது இருபுறமும் கண்ட காட்சியை எங்ஙனம் விவரிப்பது? கருவேல மரங்களின் உச்சியில் மஞ்சள் மூக்கு நாரைகள். நீரில் மூழ்கிக் கழுத்தை மட்டும் வெளியே நீட்டும் பாம்புத்தாரா. சேற்றைத் துழாவும் கரண்டிவாயன். நெற்றியில் வெள்ளைப் பட்டையுடன் நீந்தும் பறவைக்கு நாமக்கோழி என்று பெயர் சொன்னதும், குழந்தைகள் சிரித்த சிரிப்பில் பாதிப் பறவைகள் பறந்துவிட்டன.

ஓரிடத்தில் புல்தரையில் சாம்பல் நிற வாத்துகள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. வெண்ணிறத் தலையில் இரண்டு கறுப்புக் கோடுகள். எங்களுடன் வந்த ஆச்சி ஒருவர் நாங்குநேரிப் பக்கத்தவர்; தில்லிக்கு வந்து முப்பது ஆண்டுகள் ஆனவர். அவர் ரிக்ஷாவை நிறுத்தச் சொல்லி இறங்கி, "இது எங்கள் கூந்தன்குளத்துக்கு வரும் வாத்தல்லவா!" என்றார். அவருடைய பேரன், "ஆச்சி, இதற்குத் தமிழில் பெயர் உண்டா?" என்று கேட்டான். வரித்தலை வாத்து என்று கையேட்டைப் பார்த்து நாங்கள் சொன்னோம். ஆச்சியோ, அது குளத்தில் வந்து இறங்கும் மாதத்தையும், கிராமத்தார் அதை விரட்டாமல் காப்பதையும் அவனுக்குச் சொன்னார். அந்த வாத்துகள் மத்திய ஆசியாவிலிருந்து இமயத்தையே கடந்து வருபவை. பரத்பூரில் ஒரு கூட்டம் இறங்க, வேறு கூட்டங்கள் நெல்லைச் சீமைவரை செல்கின்றன. அன்று அப்பையனுக்குத் தன் பாட்டியின் ஊர் முதன்முறையாக ஓர் உண்மையான ஊராகத் தோன்றியிருக்க வேண்டும்.

நிற்க. கோயிலருகே ஒரு கல்வெட்டு உண்டு. எந்நாளில் எத்தனை பறவைகள் சுடப்பட்டன என்ற கணக்கு அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. 1938ஆம் ஆண்டு நவம்பரில் வைசிராய் லின்லித்கோ பிரபு வந்த ஒரே நாளில் 4,273 பறவைகள்! அவ்வெண்ணைப் படித்த தாய்மார்கள் முகம் திருப்பிக்கொண்டார்கள். 1956இல் அது பறவைச் சரணாலயமாயிற்று. எனினும் மன்னரின் வேட்டையுரிமை 1972வரை நீடித்தது. பின்னர் தேசியப் பூங்காவாகி, 1985இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் ஏற்கப்பட்டது.

காப்பது என்பது வேட்டையை நிறுத்துவதோடு முடியவில்லை என்பதே நாங்கள் கற்ற பாடம். 1982இல் எருமை மேய்ச்சல் தடைசெய்யப்பட்டது. தலைமுறை தலைமுறையாக மேய்த்துவந்த கிராமத்தார் எதிர்த்தனர். கலகத்தில் உயிர்களும் போயின. பிறகு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் ஆராய்ந்தபோது வேறோர் உண்மை வெளிப்பட்டது. எருமைகள் தின்ற புல், அவை இல்லாமற்போகவே மிகுந்து வளர்ந்து நீர்ப்பரப்பை மூடிவிட்டது. வாத்துகளுக்கு இடம் குறைந்தது. நல்லெண்ணத்துடன் செய்ததே தீங்காக முடிந்தது.

இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் நீருக்கே வழக்கு வந்தது. கம்பீர் ஆற்றின் மேல்பகுதியில் பாஞ்சனா அணை இருக்கிறது. அதன் நீர் எங்களுக்கே வேண்டும் என்றனர் அப்பகுதி உழவர்கள். அவர்களைக் குறை கூற இயலுமா? ஆனால் நீரில்லாத ஆண்டில் நாரைகள் கூடு கட்டவில்லை. இப்போது சம்பல் ஆற்று நீரும் குழாய் வழியாகப் பூங்காவுக்குக் கொண்டுவரப்படுகிறது. மறுநாள் தோல்பூர் அருகே அச்சம்பலையும் கண்டோம். தெளிந்த நீர், மணல் திட்டில் நீண்ட மூக்குடைய கரியால் முதலைகள் அசையாமல் வெயில் காய்ந்தன. இங்கிருந்தா அங்கே நீர் செல்கிறது என்று குழந்தைகள் வியந்தார்கள்.

இறுதியாக ஒன்று. பூங்காவில் எங்களை அழைத்துச் சென்ற ரிக்ஷாக்காரர் அறுபதைக் கடந்தவர், பள்ளி சென்றவரல்லர், நூறு பறவைகளின் பெயர் சொல்லுவார். ஓர் ஆழமற்ற நீர்ப்பரப்பின் கரையில் வண்டியை நிறுத்தி, வெற்றிடத்தைச் சுட்டிக்காட்டி, "பாபுஜி, சைபீரியக் கொக்கு இங்கேதான் நிற்கும்" என்றார்.

பால்போன்ற உடலும் சிவந்த முகமும் உடைய அக்கொக்குகள், சைபீரியாவிலிருந்து ஆப்கானிஸ்தான் வழியாக ஆண்டுதோறும் வந்தவை. 1960களில் ஏறத்தாழ இருநூறு வந்தன. வழியில் வேட்டையாடப்பட்டும் தங்குமிடங்கள் அழிந்தும் குறைந்துகொண்டே போயின. 2002ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஓர் இணை கடைசியாகக் காணப்பட்டது. பிறகு வரவில்லை. அவ்வினத்தின் பெருங்கூட்டம் இன்றும் சீனத்துப் போயாங் ஏரிக்குச் செல்கிறது. இனம் அழியவில்லை, இவ்வழிதான் அழிந்தது.

ஏனெனில் கொக்குக் குஞ்சு வழியைத் தானே அறிவதில்லை. முதற்பயணத்தில் தாய் தந்தையரோடு பறந்தே கற்கிறது. வழியறிந்த முதியவை போய்விட்டால், நீர் நிரம்பிக் காத்திருந்தாலும் வருவதற்கு எவருமில்லை.

திரும்பும் பேருந்தில் இதைப் பற்றியே பேச்சு. ஆச்சியின் பேரன் கேட்டான்: "நாம் எப்போது கூந்தன்குளம் போவோம்?" அவனுடைய தந்தை, "விடுமுறை கிடைக்கட்டும், பார்க்கலாம்" என்றார். இந்த விடையை நாம் எல்லோரும் நம் வீடுகளில் சொல்லியிருக்கிறோம். சொல்லிச் சொல்லியே குழந்தைகள் வளர்ந்துவிடுகிறார்கள்.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். வரும் தை மாதத்தில், இயன்ற குடும்பங்கள் குழந்தைகளையும் ஆச்சியையும் அழைத்துக்கொண்டு கூந்தன்குளம் சென்று வருவோம். பயணச்சீட்டுப் பதிவை நாங்கள் கவனித்துக்கொள்கிறோம்; வழி காட்ட ஆச்சி இருக்கிறார்.