வரவும் பற்றும்

காரைக்குடியை அடுத்த சாக்கோட்டை வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும், பின்னர்த் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளின் பெட்டகங்களில் தடித்த பேரேடுகள் இன்றும் கிடைக்கும். ஒரு பக்கம் வரவு, மறுபக்கம் பற்று, இரண்டையும் நேர்செய்து காட்டுவது ஐந்தொகை. வரவை மட்டும் எழுதிப் பற்றை விட்டவனையோ, பற்றை மட்டும் எழுதி வரவை மறைத்தவனையோ கணக்கறிந்தவன் என்று எவரும் சொல்லமாட்டார்கள். பணம் படைத்த பெரிய நிறுவனங்களைப் பற்றி நாம் பேசும்போதும் எழுதும்போதும் இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்கிறோமா? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

இதனை நான் நூலில் கற்றுக்கொள்ளவில்லை. பிழை செய்து கற்றுக்கொண்டேன். நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், வகுப்பில் ஒரு மாணவன் பொது அறிவுச் சிறுநூல் ஒன்றை உரக்கப் படித்தான். "செட்டியார்கள் பர்மிய உழவரின் நிலங்களைப் பறித்துக்கொண்டனர்" என்று ஒரே வரியில் அதில் எழுதியிருந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு சிறுவன் எழுந்தான். "சார், எங்கள் பாட்டையா பர்மாவில் கடை வைத்திருந்தவர். அவர் கொள்ளைக்காரரா?" என்று கேட்டான். அவன் முகம் சிவந்திருந்தது. அவனைத் தேற்ற வேண்டும் என்ற எண்ணத்தில், "இல்லையப்பா, அவர்கள் கோயில் கட்டினார்கள், பள்ளி கட்டினார்கள், அறம் செய்தார்கள்" என்றேன். அவன் அமர்ந்துவிட்டான். அவன் கேட்டதற்கு அது விடையன்று என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, பள்ளி ஆண்டு விழாவுக்காக ஒரு மாணவிக்கு நான் சொற்பொழிவு எழுதிக் கொடுத்தேன். கடல் கடந்து சென்ற வணிகரின் புகழே அதில் நிறைந்திருந்தது. கைதட்டல் ஓய்ந்து கூட்டம் கலைந்தபின் முதியவர் ஒருவர் என்னிடம் வந்தார். 1964-க்குப் பின் பர்மாவிலிருந்து கப்பலேறித் தாயகம் திரும்பியவர்களுள் ஒருவர் அவர். "நீங்கள் எழுதியது எல்லாம் உண்மைதான் சார். எங்கள் அப்பா அங்கே ஒரு பர்மாக்காரர் வயலில் கூலிக்கு உழுதார். அந்த வயல் கடனுக்குப் போன அன்று, அந்த வீட்டு அம்மா வரப்பில் உட்கார்ந்து அழுததைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாமே" என்றார். குரலில் கோபம் இல்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்தச் சிறுநூல் வரவை மறைத்தது. நானோ பற்றை மறைத்தேன். பிழையில் இருவரும் சமமே.

அதன்பின்தான் செய்தியைத் தேடிப் படிக்கலானேன். படித்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1852-இல் கீழ்ப் பர்மா முழுவதும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி ஆற்றின் கழிமுகத்திலிருந்த காடும் சதுப்பும் வயல்களாக மாறின. 1850-களின் நடுவில் சுமார் 10 லட்சம் ஏக்கராக இருந்த கீழ்ப் பர்மாவின் நெற்பரப்பு, 1930-களில் ஒரு கோடி ஏக்கரை நெருங்கியது. காட்டை வெட்டவும், மாடு வாங்கவும், கூலி கொடுக்கவும் முதல் வேண்டும். ஐரோப்பிய வங்கிகள் சிற்றூர் உழவனை நாடிச் செல்லவில்லை. செட்டிநாட்டிலிருந்து சென்ற மேலாளும், அடுத்தாளும், பெட்டியடிப் பையனுமே கைப்பெட்டியுடன் அங்கே கடை விரித்தார்கள்.

பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு 1929-30-இல் இந்தத் தொழிலை ஆராய்ந்தது. ஏறத்தாழ 1,650 கடைகள் இருந்தன. அவை கொடுத்திருந்த கடன் 75 கோடி ரூபாய் அளவில் இருக்கும் என்று மதிப்பிடப்பட்டது. உள்ளூர் லேவாதேவிக்காரர்கள் வாங்கிய வட்டியைவிடச் செட்டியார் கடைகளின் வட்டி பொதுவாகக் குறைவு என்றும் அக்குழு கண்டது. இது வரவுப் பக்கம்.

இனிப் பற்றுப் பக்கத்தைப் பார்ப்போம். கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில், 1930-இல் செட்டியார் கடைகளின் கையிலிருந்த நிலம் சுமார் 5,70,000 ஏக்கர். அதாவது மொத்தப் பயிர் நிலத்தில் நூற்றுக்கு 6 பங்கு. 1938-இல் அது சுமார் 24,68,000 ஏக்கர். நூற்றுக்கு 25 பங்கு. எட்டே ஆண்டுகளில் நான்கு மடங்கு! இந்த எண்ணை எவரும் மறைத்தல் கூடாது. அந்த முதியவர் சொன்ன வரப்பு இந்த எண்ணுக்குள்தான் இருக்கிறது.

ஆயினும் எண்ணைச் சொல்பவர் அதன் காரணத்தையும் சொல்லக் கடமைப்பட்டவர். 1930-இல் உலகப் பொருளாதார மந்தம் பர்மாவைத் தாக்கியது. நெல் விலை சில ஆண்டுகளில் பாதியாகவும் அதற்குக் கீழும் வீழ்ந்தது. உழவனால் வட்டியும் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலம் கடைக்காரன் தலையில் விழுந்தது. நாள்தோறும் சுழலும் ரொக்கத்தால் பிழைக்கும் கடைக்கு, விற்க முடியாத நிலம் ஒரு சுமையே. நிலத்தை இழந்த உழவனுக்கோ இந்த விளக்கம் ஆறுதல் ஆகாது. இரண்டும் உண்மை; ஒன்று மற்றொன்றை அழித்துவிடாது.

இன்னொரு நுட்பத்தையும் கவனியுங்கள். "பர்மாவின் நிலத்தில் பாதி செட்டியார் கையில்" என்று சிலர் கூறுவதுண்டு. எதில் பாதி? 1938-இல், அந்த 13 மாவட்டங்களில், உழவர் அல்லாதார் வசமிருந்த நிலத்தில்தான் பாதி. மொத்த நிலத்தில் கால் பங்கு. 'எதில்' என்ற ஒரு சொல் விடுபட்டால் கால், அரையாகிவிடுகிறது. அந்த மிகைப்பேச்சு எளிய உழவனுக்கு ஒரு ஏக்கரையும் மீட்டுத் தரவில்லை, வெறுப்பைத்தான் வளர்த்தது. 1942-இல் போருக்கு அஞ்சிக் கால்நடையாக இந்தியாவுக்கு ஓடிவந்தவர்களுள் மிகப் பலர் கடைக்காரர்கள் அல்லர், ஏழைக் கூலிகள். பின்னர், 1948-இல் பர்மிய அரசு நில நாட்டுடைமைச் சட்டம் இயற்றியது.

'செட்டியார்கள்' என்று மொத்தமாகச் சொல்வதிலும் பிழை உண்டு. ஒவ்வொரு கடைக்கும் தனித்தனி விலாசம் இருந்தது. முன்னெழுத்துகள் கோத்த அந்த விலாசத்துக்கு உரியவரே அதன் வரவுக்கும் பற்றுக்கும் பொறுப்பு. ஒரு கடை செய்த கொடுமையை ஊர் முழுவதற்கும் ஏற்றலாகாது. ஒரு கடை கட்டிய பள்ளியைக் காட்டி ஊர் முழுவதையும் உயர்த்தலும் ஆகாது.

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ணிவிடாதீர்கள். 1988-இல் நியூயார்க்கில் தொடங்கிய பிளாக்ராக் என்னும் நிறுவனம் இன்று 10 லட்சம் கோடி டாலருக்கும் மேற்பட்ட சொத்துகளை நிர்வகிக்கிறது. "உலகமே அதன் உடைமை" என்று கைப்பேசியில் செய்தி வருகிறது. அந்தப் பணத்தின் பெரும்பகுதி ஓய்வூதிய நிதிகளுக்கும் பிற வாடிக்கையாளருக்கும் உரியது. நிர்வகிப்பது வேறு, உடைமை கொள்வது வேறு. "அப்படியானால் அதற்கு அதிகாரமே இல்லை" என்று கூறுவதும் தவறு. பிறர் பணத்தில் வாங்கிய பங்குகளுக்காகப் பெரு நிறுவனங்களின் கூட்டங்களில் வாக்களிக்கும் செல்வாக்கு அதற்குப் பெரிதும் உண்டு. பெயரொலி நெருங்கியிருப்பதால் பிளாக்ஸ்டோன் என்ற வேறொரு நிறுவனத்தின் செயலை இதன்மேல் ஏற்றுவாரும் உளர். விலாசத்தைச் சரியாகப் படிக்காததால் வரும் குழப்பம் இது.

மாணவர்களே, பெரிய நிறுவனத்துக்கு நம் நேர்மை எதற்கு, அதற்குத்தான் வழக்கறிஞர்கள் இருக்கிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். நேர்மை நிறுவனத்துக்குச் செய்யும் உதவியன்று. பொய்யான குற்றச்சாட்டு ஒன்று கலந்துவிட்டால், அதைச் சுட்டிக்காட்டியே மெய்யான குற்றச்சாட்டிலிருந்தும் பெரியவர்கள் தப்பிவிடுவார்கள். ஏழையின் வழக்குக்குத் துல்லியமே வலிமை. பொய்ப் புகழ்ச்சியோ இன்னும் கொடியது. கவர்ச்சியான விளம்பரத்தை நம்பித் தம் சேமிப்பை இழந்தவர்கள் நம் தமிழகத்தில் எத்தனை பேர்! முதலீட்டாளரைக் காக்க 1997-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

அந்தச் சிறுவன் இப்போது எங்கிருக்கிறான் என்று நான் அறியேன். மீண்டும் அவன் எழுந்து அதே கேள்வியைக் கேட்டால், 'அறம் செய்தார்கள்' என்று அவன் வாயை அடைக்கமாட்டேன். "உங்கள் பாட்டையாவின் பேரேடு வீட்டில் இருந்தால் எடுத்து வா, தம்பி. இரண்டு பக்கத்தையும் சேர்ந்து படிப்போம்" என்பேன். அதில் அவன் பெருமைப்படத்தக்க வரிகளும் இருக்கும். வருந்தத்தக்க வரிகளும் இருக்கும். இரண்டையும் நடுங்காமல் படித்துக் கூட்டத் தெரிந்தவனே கணக்கறிந்தவன்.