கவிதையில் ஓடியவனும் வீதியில் ஓடியவளும்



பாடசாலையில் வரலாற்று ஆசிரியர் சொன்ன கதையொன்று. கி.மு. 490இல் மரதன் சமவெளியில் பாரசீகரைக் கிரேக்கர் முறியடித்தனர். அந்தச் செய்தியோடு ஏதென்ஸ்வரை ஓடிய பிடிப்பிடிஸ், 'வென்றோம்' என்று சொல்லி உயிர்விட்டான். கேட்டபோது எனக்குக் கண் கலங்கிற்று.

பின்னாளில் ஹெரோடோட்டஸை மொழிபெயர்ப்பில் தேடிப் படித்தேன். அப்போரை விரிவாக எழுதிய அவர் இந்த ஓட்டத்தைப்பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அவர் சொல்லும் ஓட்டம் வேறு. போருக்கு முன்னர், உதவி கேட்டு, ஏறத்தாழ 240 கிலோமீற்றர் ஓடி மறுநாளே ஸ்பார்ட்டாவை அடைந்தான் தூதன். முழுநிலவுக்கு முன் படை புறப்படாது என்பதே கிடைத்த பதில். செய்தி சொல்லி மாண்டவன் தோன்றுவது, சுமார் ஐந்நூறு ஆண்டுகள் கழித்துப் புளூட்டார்க்கின் எழுத்தில். அங்கே அவன் பெயரும் வேறு. 1879இல் ஆங்கிலக் கவிஞர் றொபேட் பிறவுணிங் இரண்டு ஓட்டங்களையும் ஒருவன் தலையிலேயே சுமத்திவிட்டார். கவிஞனுக்கு அந்த உரிமை உண்டென்றே நான் கருதுகிறேன்.

புதிய ஒலிம்பிக்கில் இப்படியொரு ஓட்டம் வேண்டுமென்று கேட்டவரும் மொழியறிஞரே: சொற்பொருளியலுக்கு அடிகோலிய பிரெஞ்சுக்காரர் மிஷேல் பிரேயல். வெள்ளிக் கிண்ணமொன்றையும் பரிசாக அறிவித்தார். 1896 ஏப்ரலில் சுமார் 40 கிலோமீற்றரை 2 மணி 58 நிமிடம் 50 செக்கனில் ஓடி வென்றார், தண்ணீர் சுமந்து விற்ற கிராமத்தவர் ஸ்பிரிடோன் லூயிஸ். இன்றைய 42.195 கிலோமீற்றர், 1908இல் லண்டனில் வின்ட்சர் கோட்டையிலிருந்து ஓட்டத்தைத் தொடங்கியதால் வந்த கணக்கு.

லூயிஸின் பெயரை உலகம் அறியும். ஸ்டமாட்டா ரெவிதியை எத்தனை பேர் அறிவோம்? கைக்குழந்தையோடு வறுமையில் வாடிய கிரேக்கப் பெண் அவர். பெண்ணென்பதால் போட்டியில் இடமில்லை. மறுநாள் தனியே ஓடினார்; சுமார் ஐந்தரை மணி நேரம். அரங்கினுள்ளே விடவில்லை. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மரதன் வந்தது 1984இல், லொஸ் ஏஞ்சலீஸில்.

ரெவிதி ஒன்றை முன்கூட்டியே யோசித்திருந்தார். தன் ஓட்டத்தைப் பாட எவரும் வரமாட்டார் என்று எண்ணினாரோ, என்னவோ! மரதன் கிராமத்திலிருந்து புறப்படுமுன் நகரத் தலைவர், நீதவான், பாடசாலை ஆசிரியர் ஆகியோரிடம், தான் புறப்பட்ட நேரத்துக்குச் சாட்சியாகக் கையொப்பம் வாங்கிக்கொண்டார். ஏதென்ஸை அடைந்ததும், எதிர்ப்பட்ட இராணுவ அதிகாரிகளிடம் அதே தாளை நீட்டினார்.