நினைவூட்ட ஓர் அக்கா



1996இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்த பிறகு தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று சிதறி நின்று படித்தவர்கள் நாங்கள். எங்களில் ஒருத்திக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது. ஆனால் கடிதம் கைக்கு வந்தபோது பதிவுத் திகதி கடந்துவிட்டது. அவள் கெட்டிக்காரி. தகவல் மட்டும்தான் நேரத்துக்குக் கிடைக்கவில்லை.

இன்று எல்லாம் இணையவழியில் நடக்கிறது. ஆனாலும் பாடநெறிகளை விருப்ப ஒழுங்கில் நிரப்புவது, பதிவு செய்வது, மகாபொலவுக்கும் விடுதிக்கும் விண்ணப்பிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவுத் திகதி உண்டு. குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்ல வீட்டில் ஆளில்லை.

அமெரிக்காவிலும் இந்தச் சிக்கல் உண்டு. இடம் கிடைத்த பிள்ளைகளில் சிலர் கோடை விடுமுறை முடிந்தும் வந்து சேர்வதில்லை. ஜோர்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2016இல், குறுஞ்செய்தியில் நினைவூட்டி, கேட்டதற்கு விடையும் சொல்லும் கணினி முறையொன்றைத் தொடங்கியது. அப்படித் தவறிப்போவோர் தொகை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. கட்டாயப்படுத்தாமல் நல்ல முடிவின் பக்கம் மெல்லத் தட்டிவிடும் இந்த வழியைப் பற்றி எழுதிய ரிச்சர்ட் தேலருக்கு 2017இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் அங்கேயே, பெரிய அமைப்புகள் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவருக்கு இப்படிச் செய்தி அனுப்பிப் பார்த்தபோது, கல்லூரியில் சேர்ந்தோர் தொகை கூடவில்லை. வைத்தியர்களான எங்களுக்கு இது புதினமில்லை. கிளினிக் திகதியைத் துண்டில் எழுதிக் கொடுத்தால் மறப்பவர், தெரிந்த தாதி ஒரு சொல் சொன்னால் வந்துவிடுவார். செய்தி மட்டும் போதாது. அதை அனுப்புகிறவர் யார் என்பதும் வேண்டும்.

ஆகவே சங்கத்திடம் ஒன்று கேட்கிறோம். உயர்தரப் பெறுபேறு வந்ததும், எங்களில் ஒவ்வொருவரும் ஐந்து தங்கைமாரைப் பொறுப்பெடுப்போம். கனடாவில் இருந்தாலும் கண்டாவளையில் இருந்தாலும் வட்ஸ்அப் ஒன்றுதான். ஒரு செய்தியில் ஒரு வேலை, ஒரு திகதி, அழைத்தால் எடுக்கும் ஓர் இலக்கம். அவள் உள்ளே போன பிறகும் விடக்கூடாது. முதல் பரீட்சைக்கு முன் ஒருமுறை, பெறுபேறு வந்ததும் ஒருமுறை விசாரிப்போம். வேண்டாம் என்றால் நிறுத்திவிடுவோம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 'மருத்துவத்தை முதலில் போடு' என்று எழுதினால் அது நினைவூட்டல் அல்ல, நெருக்குதல். அறிவியல் நகரில் விவசாயம், பொறியியல், தொழில்நுட்பம் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. வழிகளையும் திகதிகளையும் நாங்கள் சொல்வோம். தெரிவு அவளுடையது.

தங்கைமாரே, அக்காவிடமிருந்து செய்தி வந்தால் ஒரு சொல்லாவது பதில் போடுங்கள். அன்று எங்கள் தோழிக்கு வந்து சேராத அந்தத் தகவல், இனி எவருக்கும் பிந்தி வரக்கூடாது.