பிறந்த நாள் பிள்ளைக்கா, ஊருக்கா?

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் பெற்றோர்களுக்கு ஆற்றிய உரை)

 

"பெற்றோர்களுக்குப் பயன்படுகிற மாதிரி பத்து நிமிடம் பேசுங்கள், டீச்சர்" என்று தலைமையாசிரியர் என்னிடம் சொன்னார். கல்வியைப் பற்றிப் பேச இங்கே என்னைவிடப் பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் பாலர் வகுப்பு ஆசிரியை. எனக்குத் தெரிந்த உலகம் நாலு வயது, ஐந்து வயதுப் பிள்ளைகளின் உலகம். ஆகவே அந்தச் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குப் பிறந்த நாள் கொண்டாடுவதைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். "இதெல்லாம் ஒரு பேச்சா?" என்று பின் வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. பொறுமையாகக் கேளுங்கள். சிரிக்க வேண்டிய விஷயமா என்று பிறகு சொல்லுங்கள்.

ஒரு திங்கட்கிழமை என் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. காய்ச்சலோ என்னவோ என்று சாயங்காலம் லயத்துக்கு நடந்து போனேன். பிள்ளை வாசலில் நன்றாக விளையாடிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் உள்ளே ஓடிவிட்டது. தாயார் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "ஞாயித்துக்கெழம அடுத்த லயத்துப் புள்ளைக்குப் பொறந்த நாளு, டீச்சர். எல்லாரும் பிரசன்ட் வாங்கிக்கிட்டுப் போனாங்க. எங்க கையில காசு இல்ல, போகல. ஸ்கூலுக்குப் போனா மத்த புள்ளைங்க ஏன் வரலன்னு கேக்கும்னு அழுவுது."

ஐந்து வயதுப் பிள்ளை, பெரியோர்களே! ஒரு பிள்ளை பிறந்த நாளின் சந்தோஷம் இன்னொரு பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கே வரவிடாமல் செய்துவிட்டது.

மற்றவர்களைக் குறை சொல்லிவிட்டுப் போக நான் வரவில்லை. அந்தத் தவற்றை நானும் செய்தவள்தான். என் மகனுக்கு ஒரு வயது நிறைந்தபோது கைவளையலை அடகு வைத்து 150 பேரை அழைத்தோம். கூடாரம், ஒலிபெருக்கி, மூன்றடுக்குக் கேக், எல்லாம் இருந்தன. இரவு 7.30க்கு விருந்து. பாட்டுச் சத்தத்தில் பிள்ளை பயந்து வீரிட்டான். புதுச் சட்டை உடம்பை அரித்தது. அழுது அழுது 8.30க்குத் தூங்கிப்போனான். வரவேண்டிய ஒரு பெரிய மனிதர் தாமதமாக வந்தார். அவருக்காகக் காத்திருந்து, 9.30க்குத் தூங்குகிற பிள்ளையை எழுப்பிக் கேக் வெட்ட வைத்தோம். அந்தப் படம் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. படத்தில் எல்லாரும் சிரிக்கிறார்கள், என் பிள்ளை மட்டும் அழுகிறான். அவனுடைய அடுத்த பிறந்த நாளுக்கு ஒரு மாதம் முன்னால்தான் வளையல் வீட்டுக்குத் திரும்பியது.

அன்றைக்கு நாங்கள் கொண்டாடியது யாருடைய நாள்? பிள்ளையின் நாளா, ஊராரின் நாளா?

இதைச் சொன்னபோது ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "டீச்சர், நாங்க எந்தத் தேதியில பொறந்தோம்னே தெரியாம வளந்தவங்க. எங்க புள்ளைக்காவது செஞ்சு பாக்கக் கூடாதா?" அந்தக் கேள்விக்கு முன்னால் நான் வாயடைத்து நின்றேன். அந்த ஆசை நியாயமானது. கொண்டாட வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. கட்டாயம் கொண்டாடுங்கள். ஆனால் பிள்ளைக்காகக் கொண்டாடுங்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2025 பிப்ரவரியில் நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. அதில் தொழிலாளர் பங்காக 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி, சேமநிதிக்குப் போனால் மீதி 1,513 வெள்ளி. இப்போது 100 பேருக்கு விருந்து, ஒரு சாப்பாடு 12 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவே 1,200 வெள்ளி. கேக்குக்கு 150, கூடாரம் நாற்காலிக்கு 300 என்றால் மொத்தம் 1,650. ஒரு மாதம் வெயிலிலும் மழையிலும் உழைத்த உழைப்பு ஒரே ராத்திரியில் போய்விடுகிறது. அதற்குமேல் கடன்! "விரலுக்குத் தக்க வீக்கம்" என்று நம் பாட்டிமார்கள் சும்மாவா சொன்னார்கள்?

சரி, எப்படிச் செய்யலாம்? எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, எத்தனை பேரை அழைப்பது? பிள்ளைக்கு எத்தனை வயதோ அத்தனை பிள்ளைகள், வேண்டுமானால் ஒன்று கூட. மூன்று வயதென்றால் மூன்று நான்கு பிள்ளைகள். இரண்டு மூன்று வயதில் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் கூடி விளையாடுவதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாக விளையாடுவதுதான் அதிகம். கூட்டம் அவர்களுக்கு மிரட்சி. வீட்டுப் பெரியவர்களும், ஆயாக்கொட்டகையில் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட ஆயாவும் வந்தால் போதும்.

இரண்டாவது, நேரம். ராத்திரி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணி நல்லது. இல்லையென்றால், பகல் தூக்கம் தூங்கி எழுந்த பிறகு சாயங்காலம் 4 மணி. மொத்தம் ஒன்றரை மணி நேரம் போதும். அதற்குமேல் சின்னப் பிள்ளை தாங்காது. "கொண்டாட்டத்துல அழுது மானத்த வாங்கிட்டான்" என்று பிள்ளையை அடிக்கிறோமே, அழ வைத்தது யார்?

மூன்றாவது, தின்பண்டம். இதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். உயிர் சம்பந்தப்பட்டது. பிள்ளைகளுக்குக் கடைவாய்ப் பற்கள் எல்லாம் முளைத்து முடிய ஏறக்குறைய மூன்று வயதாகும். அதுவரை அரைத்து மெல்லத் தெரியாது. மூச்சுக்குழலும் குறுகல். ஆகவே கச்சான், கச்சாங் பூத்தே, சோளப்பொரி, உருண்டை மிட்டாய் இவற்றைச் சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி வைக்காதீர்கள். திராட்சையை முழுதாகக் கொடுக்காமல் நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். ரம்புத்தான் பழத்தைச் சதையை மட்டும் கிள்ளிக் கொடுங்கள், கொட்டையோடு கொடுக்காதீர்கள். ரப்பர் கொட்டையை வைத்து அண்ணன்மார்கள் விளையாடுவார்கள், அதையும் பொறுக்கி எடுத்து வையுங்கள். அது தொண்டையிலும் சிக்கும், பச்சையாகத் தின்றால் நஞ்சும்கூட. உறைப்பில்லாத மீகூன், இட்டிலி, மெல்லிசாக நறுக்கிய பப்பாளி, வாழைப்பழம், கொஞ்சம் பாயசம். இதைவிட என்ன விருந்து வேண்டும்?

அப்படியும் ஒரு பிள்ளைக்குத் தொண்டை அடைத்து, இருமவும் முடியாமல், சத்தமும் வராமல் தவித்தால் தலையில் தட்டிக்கொண்டு நிற்காதீர்கள். ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையானால் முன்புறம் குனிய வைத்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். வெளியே வராவிட்டால், பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே கைமுட்டியை வைத்து, உள்ளேயும் மேலேயுமாக ஐந்து முறை அழுத்துங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். அதே நேரம் இன்னொருவர் 999க்குப் பேச வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு வயிற்றை அழுத்தவே கூடாது. கையில் குப்புறக் கிடத்தி, தலையைத் தாழ்த்தி, முதுகில் ஐந்து முறை தட்டி, பிறகு மல்லாத்தி நெஞ்சின் நடுவில் ஐந்து முறை அழுத்த வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும்.

நான்காவது, பலூன். உடைந்த பலூன் துண்டைப் பிள்ளை வாயில் வைத்து உறிஞ்சினால் மூச்சை அடைத்துவிடும். பலூனுக்குப் பதில் கலர் காகிதத் தோரணம் கட்டுங்கள், பெரிய பிள்ளைகளே வெட்டித் தருவார்கள். மெழுகுவத்தி கொளுத்தும்போது பிள்ளையின் கூந்தலும் நைலான் கவுனும் கிட்டே போகாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். விருந்தாளிக்குக் காப்பி கலக்கிய சுடுதண்ணீரை மேசை ஓரத்தில் வைக்காதீர்கள். மேசை விரிப்பைப் பிள்ளை இழுத்தால் போதும்.

ஐந்தாவது, விளையாட்டு. காசு கொடுத்துக் கோமாளி கூப்பிட வேண்டியதில்லை. வேஷம் போட்டவரைக் கண்டால் மூன்று வயதுப் பிள்ளை மேசைக்கடியில் ஒளிந்துகொள்ளும். சவுக்காரத் தண்ணீரும் பப்பாளி இலைக்காம்பும் இருந்தால் அண்ணன் நுரைக் குமிழி ஊத, தம்பி தங்கைகள் ஓடி ஓடிப் பிடிப்பார்கள். காலி அட்டைப் பெட்டி ஒன்று கிடைத்தால் அதுவே கார், அதுவே வீடு.

ஆறாவது, பரிசு. அழைக்கும்போதே, "பரிசு எதுவும் வேண்டாம், பிள்ளையை மட்டும் கூட்டிக்கிட்டு வாங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். கொண்டுவந்தாலும் எல்லார் முன்னிலையிலும் பிரிக்காதீர்கள்.

ஏழாவது, இது ஆண்களுக்கு. கோபித்துக்கொள்ளாதீர்கள், அண்ணன்மார்களே. பிள்ளையின் பிறந்த நாளுக்கு வீட்டுக்குப் பின்னால் போத்தல் எதற்கு? முன்னால் பிறந்த நாள் பாட்டு, பின்னால் சண்டை. மறுநாள் என் வகுப்பில் பிள்ளைகள் பேசிக்கொள்வது கேக்கைப் பற்றி அல்ல, யார் யாரை அடித்தார் என்பதைத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு வயது நிறைந்தால் கேக்குக்குச் சொல்லிவைப்பதற்கு முன் இரண்டு காகிதங்களைப் பாருங்கள். ஒன்று பிறப்புப் பத்திரம். தீபகற்ப மலேசியாவில் குழந்தை பிறந்த 60 நாட்களுக்குள் பதிய வேண்டும். பதியாமல் விட்டவர்கள் உடனே பதிவு இலாகாவுக்குப் போங்கள். ஊரே கூடிப் பிறந்த நாள் கொண்டாடியும், பிறந்ததற்குப் பத்திரம் இல்லாவிட்டால் பள்ளியில் சேர்க்கும்போதும், 12 வயதில் அடையாளக் கார்டு எடுக்கும்போதும் அந்தப் பிள்ளைதான் அலைய வேண்டும். மற்றொன்று தடுப்பூசிப் புத்தகம். 12 மாதம் நிறைந்ததும் தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா மூன்றுக்குமான இரண்டாவது ஊசி உண்டு. முதல் ஊசி 9 மாதத்தில். பிள்ளைக்கு நீங்கள் கொடுக்கும் முதல் பிறந்த நாள் பரிசு அதுவாக இருக்கட்டும்.

கேக் வெட்டுவது நம் பழக்கமா என்று சில பெரியவர்கள் கேட்பார்கள். நல்ல தமிழில் அணிச்சல் என்று சொல்கிறோம். பெயரை மாற்றினாலும் பிள்ளைக்கு இனிப்புத்தான்! வெட்டட்டும், தவறில்லை. ஆனால் மெழுகுவத்தியை ஊதி அணைப்பதோடு முடித்துவிடாமல், காலையில் குளிப்பாட்டி, தோட்டத்துக் கோயிலுக்குக் கூட்டிப்போய் அதன் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் ஓர் அர்ச்சனை செய்து, வீட்டில் விளக்கேற்றி, தாத்தா பாட்டி காலில் விழ வையுங்கள். அவர்கள் தலையில் கை வைத்து வாழ்த்துகிற அந்த நிமிடத்துக்கு ஒரு காசும் செலவில்லை.

நிறைவாக, அந்தப் பெண் பிள்ளையின் கதைக்கு வருகிறேன். அதன் பிறகு எங்கள் பாலர் வகுப்பில் ஓர் ஏற்பாடு செய்தோம். மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, அந்த மாதத்தில் பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே கேக். வெள்ளிக்கிழமை என்பதால் முட்டை போடாத கேக். செலவை எல்லாப் பெற்றோரும் ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி என்று முடிந்ததைப் போட்டுப் பகிர்ந்துகொள்கிறார்கள். முடியாதவர்கள் போட வேண்டியதில்லை, யார் போட்டார் என்று எழுதி வைப்பதும் இல்லை. பரிசு கிடையாது. அதற்குப் பதில் ஒவ்வொரு பிள்ளையும் பிறந்த நாள் பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். அந்தப் பெண் பிள்ளையின் முறை வந்தபோது ஒரு பையன் எழுந்து, "நான் கீழ விழுந்தப்ப இவதான் தண்ணி கொண்டாந்தா" என்றான். அது முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அதன் தாயார் சன்னல் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சிரிப்பை எந்தக் கடையில் வாங்குவோம், பெற்றோர்களே?

பரிசு பெறப்போகும் மாணவச் செல்வங்களே, வீட்டில் தம்பிக்கோ தங்கைக்கோ பிறந்த நாள் வந்தால் காகிதத் தோரணம் செய்வது, குமிழி ஊதுவது, ஒரு கதை சொல்வது உங்கள் பொறுப்பு. பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பெரியவனானதும் எத்தனை பேர் வந்தார்கள் என்று நினைக்காது. அன்றைக்கு அப்பா வீட்டில் இருந்தார், அம்மா சிரித்தார் என்பதைத்தான் நினைக்கும்.