ஆயில் ஃபில்டரின் ஆயுள்

1920-ல் கோவைத் தொழிலதிபர் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தம் முதல் பஸ்ஸை ஓட்டினார். இன்றைய ஆயில் ஃபில்டருக்கு முன்னோடியான ஃபில்டர் அமெரிக்காவில் வந்தது அந்த பஸ்ஸுக்கும் பிறகு, 1923-ல்தான். அதை உருவாக்கியவர்களில் ஒருவர் எர்னஸ்ட் ஸ்வீட்லேண்ட்.

இன்று கோவையில் கார் வைத்திருக்கும் பலர், "ஆயில் மட்டும் மாத்துங்க, ஃபில்டர் அடுத்த தடவை பாத்துக்கலாமுங்க" என்கிறார்கள். இந்தச் சிக்கனம் வேண்டாம். ஃபில்டருக்குள் இருப்பது மடிப்பு மடிப்பான காகிதம். அழுக்கு சேர்ந்து அது அடைத்துக்கொண்டால் ஆயில் நின்றுவிடாது. பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலை அப்படியே எஞ்சினுக்குள் விடும். ஆயில் இல்லாமல் எஞ்சின் ஜாம் ஆகக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அதனால் ஆயில் அழுத்தம் குறையாமலே இருக்கலாம், டேஷ்போர்டில் சிவப்பு விளக்கும் எரியாது. உலோகத் துகள்கள் மட்டும் பேரிங்கைத் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

பல கார்களுக்கு ஆயில் மாற்ற 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அது கணக்கு. ஆனால் கையேட்டில் 'கடினமான சூழல்' என்று தனியாக ஒரு பகுதி இருக்கும், அதையும் படியுங்கள். அவிநாசி சாலை நெரிசலில் ஊர்வது, புழுதி, ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகளில் வால்பாறை ஏறுவது எல்லாம் அதில்தான் சேரும். அப்படி ஓடும் வண்டிக்கு முன்னதாகவே மாற்ற வேண்டும், ஒவ்வொரு முறையும் ஃபில்டரோடு.

புது ஃபில்டரை மாட்டும்முன் பழைய ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டியிருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வளையம் சேர்ந்தால் ஆயில் பீய்ச்சி அடித்துவிடும்.